இங்கிலாந்தில் ஜிபி சர்ஜரி: தரமும் பாதுகாப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீடு, பள்ளிக்கூடம், பாங்க் கணக்கு. டாக்டரைப் பற்றிய கேள்வி வருவது வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்த பிறகுதான். அந்த அவசரத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் பெயரைப் பதிந்துவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருப்போம். கொஞ்சம் முன்கூட்டியே பார்த்துச் செய்யலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே 'சர்ஜரி' என்று சொல்வது ஜிபி எனப்படும் குடும்ப டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கை. ஆபரேஷன் என்று நினைத்து ஊரில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள், போனில் பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பதற்கும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் இந்த ஒரு இடம் ஒழுங்காக இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

நான் பார்த்தவரை சர்ஜரியில் தவறு நடப்பது டாக்டருக்கு வைத்தியம் தெரியாமல் போய் அல்ல. பெயர், மருந்துப் பட்டியல், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் என்று ஏதாவது ஒரு தகவல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது நழுவிவிடுகிறது. விதிமுறைகள் பலவும் இந்த நழுவலைத் தடுக்கத்தான். அவை நடைமுறையில் இருக்கின்றனவா என்று நோயாளியாலேயே நிறைய கண்டுபிடிக்க முடியும். எங்கள் வீட்டிலும் ஒரு ரிசல்ட் நழுவியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ரேட்டிங்கைப் பாருங்கள், கூடவே தேதியையும்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் சுற்றுவட்டார சர்ஜரிகள் வரிசையாக வரும். இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு, அடுத்து கேர் குவாலிட்டி கமிஷன் தளத்துக்குப் போங்கள். சிக்யூசி என்பார்கள். மருத்துவ இடங்களின் தரத்தை ஆய்வு செய்ய 2009ல் தொடங்கிய அமைப்பு. 2013 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் எந்த ஜிபி சர்ஜரியும் இதில் பதிவு செய்யாமல் நடக்க முடியாது. இவர்கள் ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்: பாதுகாப்பானதா, சிகிச்சை பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, நோயாளியின் தேவைக்கு ஈடுகொடுக்கிறார்களா, நிர்வாகம் சரியா. ரேட்டிங் நான்கு வகை: மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. 2015லிருந்து அந்த ரேட்டிங்கை நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைப்பது கட்டாயம்.

மொத்த ரேட்டிங் 'நன்று' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஐந்து கேள்விக்கும் தனித்தனியே ரேட்டிங் இருக்கும். மொத்தத்தில் நன்று, பாதுகாப்பில் மட்டும் 'மேம்பாடு தேவை' என்று வரும் இடங்கள் உண்டு. என் கண் முதலில் போவது அந்தப் பாதுகாப்பு வரியில்தான்.

அடுத்து, சிக்யூசி அந்த சர்ஜரியை ஆய்வு செய்த தேதி. சிக்யூசியைப் பற்றி அரசுக்காக 2024ல் டாக்டர் பென்னி டாஷ் நடத்திய ஆய்வு, சிக்யூசியே தன் வேலையில் பின்தங்கிப் போயிருக்கிறது, பல இடங்களில் பல வருஷப் பழைய ரேட்டிங்தான் நிற்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆறேழு வருஷத்துக்கு முந்தைய 'நன்று' என்பதை வைத்து இன்றைய நிலையைச் சொல்லிவிட முடியாது. அதற்குள் டாக்டர்கள் மாறியிருப்பார்கள், மேனேஜர் மாறியிருப்பார்.

சர்ஜரியைப் பற்றிய சிக்யூசியின் முழு அறிக்கையையும் திறந்து பாருங்கள், ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். விதி மீறல் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? நோயாளிகளின் மருந்துகளைக் காலாகாலத்தில் மறுபடி பரிசீலிக்கிறார்களா? நடந்த தவறுகளைப் பதிவு செய்து, ஊழியர்கள் கூடிப் பேசுகிறார்களா? கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் தடுப்பூசி எண்ணிக்கையைத் தேடுங்கள். குறைந்தபட்சம் 90 சதவீதக் குழந்தைகள் என்பது இங்கே இலக்கு, உலக சுகாதார நிறுவனம் கேட்பது 95. பெண்களுக்கான கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு இலக்கு 80 சதவீதம். அறிக்கையில் தவறுகளை அதிகமாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பதிவே இல்லாத இடம்தான் எனக்குக் கவலை தரும்.

சிக்யூசி இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு.

பதிவு: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது

பதிவு இலவசம். சர்ஜரியில் சேர முகவரிச் சான்றோ, பாஸ்போர்ட்டோ, விசா நிலையோ, என்எச்எஸ் நம்பரோ காட்டியே ஆகவேண்டும் என்று விதி கிடையாது. இருந்தால் கொடுக்கலாம், வேலை சுலபமாகும். "வீட்டு பில் இல்லையா, அப்போ முடியாது" என்று ரிசப்ஷனில் சொன்னால், அமைதியாக என்எச்எஸ் தளத்திலேயே இது எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்கள் எல்லைக்கு வெளியே வீடு, பட்டியல் நிறைந்துவிட்டது போன்ற நியாயமான காரணம் இருந்தால் மறுக்கலாம். ஆனால் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும். முதல் படியிலேயே விதி தெரியாமல் நடந்துகொள்ளும் இடம் மற்றதில் எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பேன்.

நம் பெயர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். சிலருக்கு முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். சர்ஜரியில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரியில் தலைகீழாக, பார்மசியில் இனிஷியலோடு என்று மூன்று விதமாகப் பதிவானால் ரெக்கார்டும் பிரிந்துபோகலாம். ஒருவருக்கே இரண்டு என்எச்எஸ் நம்பர் உருவாகியிருப்பதும் உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்து, அதே வரிசை, எல்லா இடத்திலும். உங்கள் பத்து இலக்க என்எச்எஸ் நம்பரை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் வேறு நம்பர் இருந்தால் உடனே சர்ஜரியில் சொல்லி ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்துப் பட்டியல். ஊரில் சாப்பிட்ட மாத்திரையின் பிராண்டு பெயர் இங்கே டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள், அல்லது அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. டோலோ, குரோசின், பனடோல் எல்லாமே பாராசிட்டமால்தான். காம்பிஃப்ளாமிலும் பாராசிட்டமால் உண்டு, கூடவே ஐபுபுரோஃபனும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650ஐயும் இங்கே கடையில் வாங்கிய 500 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கான உச்சவரம்பான 4 கிராமைச் சுலபமாகத் தாண்டிவிடும். கல்லீரல் கெட்டுப்போகும். சித்த, ஆயுர்வேத மருந்து சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். சில மருந்துகள் ஒன்றோடொன்று சேராது, சில தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

அலர்ஜியைத் தனியே, பெரிதாக எழுதுங்கள். பென்சிலின் போட்டால் உடம்பில் தடிப்பா, மூச்சுத் திணறலா என்று என்ன ஆனது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதல் விசிட்டில் கண்ணை ஓட்டுங்கள்

பதிவான சில வாரத்தில் தடுப்பூசிக்கோ ரத்தம் எடுக்கவோ நர்ஸ் அறைக்குப் போக வேண்டிவரும். அந்த அறைதான் சர்ஜரியின் லட்சணத்தைச் சொல்லும்.

எங்கள் சின்னவளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று நான் கவனித்ததைச் சொல்கிறேன். நர்ஸ் குழந்தையின் பெயரைத் தானே சொல்லி "சரிதானே?" என்று கேட்கவில்லை. என்னைச் சொல்லச் சொன்னார், பிறந்த தேதியையும் முகவரியையும் அப்படியே. அப்புறம் கை கழுவினார், முழங்கைக்குக் கீழே வாட்ச் இல்லை, வளையல் இல்லை. மூலையில் ஒரு சிறிய ஃபிரிட்ஜ், கதவில் பூட்டு. பக்கத்தில் தொங்கிய தாளில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண்கள்: இப்போதைய வெப்பம், குறைந்தது, கூடியது, எதிரே ஒரு கையெழுத்து. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாகவேண்டும். உறைந்துபோனாலும் கெட்டது, சூடேறினாலும் கெட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஃபிரிட்ஜ் நின்றுபோனால் திங்கள்கிழமை அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும். ஊசியை எடுத்ததும் காலாவதித் தேதியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். போட்டு முடித்த ஊசி நேராக மஞ்சள் டப்பாவுக்குள் போனது. டப்பாவின் லேபிளில் திறந்த தேதி இருந்தது, கோட்டுக்கு மேலே நிரம்பவில்லை.

இதெல்லாம் நடந்தது இரண்டு நிமிடத்தில். உங்கள் சர்ஜரியிலும் இதையே எதிர்பாருங்கள். ஏதாவது விட்டுப்போனால் "தேதியைக் கொஞ்சம் காட்டுவீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல நர்ஸ் யாரும் கோபிக்கமாட்டார்.

ஹார்ட் நின்றுபோனால் ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர், ஆக்ஸிஜன், கடும் அலர்ஜிக்கு அட்ரினலின் ஆகியவற்றை சர்ஜரியில் வைத்திருக்கிறார்களா என்று சிக்யூசி பார்க்கும். அவை எங்கே இருக்கின்றன என்று அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் இன்னொரு நோட்டீஸைத் தேடுங்கள்: அந்தரங்கப் பரிசோதனையின்போது கூட ஒருவர் நிற்கவேண்டும் என்று கேட்கும் உரிமை. ஷாபரோன் என்பார்கள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, கேட்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

உங்களைப் பார்ப்பவர் யார்?

ஸ்டெதாஸ்கோப் போட்டவர் எல்லோரும் டாக்டர் இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக் என்று பலர் இருப்பார்கள், அவரவர் வேலையில் திறமைசாலிகளாகவும் இருப்பார்கள். ஃபிசிஷியன் அசோசியேட் என்ற பெயர்தான் பலரைக் குழப்பியது. அவர்கள் டாக்டர்கள் அல்ல, மருந்து எழுதித்தர அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. 2025 ஜூலையில் வந்த பேராசிரியர் கில்லியன் லெங் அறிக்கை, இந்தப் பெயரை ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்று மாற்றவேண்டும், நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படாதவர்களை இவர்கள் முதலில் பார்க்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "நான் பார்க்கப்போவது யாரை?" என்று கேளுங்கள்.

டாக்டர்களின் பெயரை, அவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். லைசென்ஸ் இருக்கிறதா, ஏதாவது கட்டுப்பாடு விதித்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். 2012 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு டாக்டரும் பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தன் தகுதியை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். இந்த ஏற்பாடு வந்ததற்குப் பின்னால் ஒரு கொடுமையான வழக்கு இருக்கிறது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஜிபியாக இருந்த ஹெரால்ட் ஷிப்மன், 15 நோயாளிகளைக் கொன்றதற்காக 2000ல் தண்டிக்கப்பட்டார். பிறகு டேம் ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டறிந்தது. ஊரே நம்பிய டாக்டர் அவர். நம்பிக்கை மட்டும் போதாது, சரிபார்ப்பும் வேண்டும் என்பதை இந்த நாடு அந்த விலை கொடுத்துத்தான் கற்றது.

அந்தப் பத்து நிமிடம்

ஒரு அப்பாயின்ட்மென்ட் சாதாரணமாகப் பத்து நிமிடம்தான். மூன்று பிரச்சினை இருந்தால் டபுள் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் உடம்புக் கஷ்டத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, பெரும்பாலும் போனிலேயே பேசுவார். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அம்மாவின் மாதவிடாய்க் கோளாறை ஒரு பத்து வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? நம் சொற்களிலேயே சிக்கல் இருக்கிறது. 'மயக்கமா வருது' என்கிறோம். அது தலைசுற்றலா, நினைவு தப்பி விழுந்ததா? டாக்டருக்கு இரண்டும் முற்றிலும் வேறு. 'வாயு பிடிச்சிருக்கு' என்பதை 'கேஸ்' என்று சொன்னால், நெஞ்சுவலியே டாக்டர் காதுக்குப் போகாமல் போய்விடும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி வந்து, உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் சர்ஜரிக்குப் போன் போட்டுக் காத்திருக்காதீர்கள், ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 999தான். அவசரம், ஆனால் உயிருக்கு ஆபத்தா என்று தெரியவில்லை என்றால் 111.

ஊசி போடவில்லை, ஆன்டிபயாடிக் எழுதவில்லை, அதனால் இது மட்டமான சர்ஜரி என்று நம்மவர்கள் முடிவு கட்டுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அதை எழுதாமல் விடுவது நல்ல வைத்தியம். நல்ல டாக்டர் அதோடு நிறுத்தமாட்டார், எத்தனை நாளில் குறையவேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஒரே தொந்தரவுக்காக மூன்று முறை போயும் என்னவென்று பிடிபடவில்லையா? 2025 செப்டம்பரில் 'ஜெஸ் விதி' என்று ஒன்றை இங்கே கொண்டுவந்தார்கள். மூன்று முறை வந்தும் காரணம் தெரியவில்லை, அல்லது தொந்தரவு கூடுகிறது என்றால் ஜிபி பழைய முடிவை விட்டுவிட்டு முதலிலிருந்து யோசிக்கவேண்டும், நேரில் பரிசோதிக்கவேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்கவேண்டும். பலமுறை சர்ஜரியை அணுகியும் புற்றுநோய் தாமதமாகவே தெரியவந்து, 2020ல் 27 வயதில் இறந்துபோன ஜெசிகா பிரேடியின் பெற்றோர் போராடிக் கொண்டுவந்தது இது. "இது எனக்கு மூன்றாவது முறை" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.

ரிசல்ட் வரும் வரை விடாதீர்கள்

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மனைவிக்குத் தைராய்டு பரிசோதனை. ரத்தம் எடுத்தவர், "ஏதாவது இருந்தால் நாங்களே கூப்பிடுவோம்" என்றார். யாரும் கூப்பிடவில்லை, நல்ல செய்திதான் என்று இருந்துவிட்டோம். ஏழு வாரம் கழித்து, களைப்பு தாங்காமல் அவள் நேரில் போய் நின்றபோது ரிசப்ஷனிஸ்ட் ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னார்: டாக்டர் அன்றே பார்த்துவிட்டார், மருந்தின் அளவைக் கூட்டவேண்டும் என்று மெசேஜும் போயிருக்கிறது. எந்த நம்பருக்கு? அவர் வாசித்தது, நாங்கள் வந்த புதிதில் வாங்கி, ஆறே மாதத்தில் தூக்கிப்போட்ட சிம்மின் நம்பர்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் மூன்று விஷயம் கேட்டுவிடுவோம்: ரிசல்ட் என்றைக்கு வரும், எந்த வழியில் தெரிவிப்பார்கள், எந்த நம்பரில். அந்தத் தேதி காலண்டரில் ஏறும். அன்று என்எச்எஸ் ஆப்பில் பார்ப்போம், இல்லையென்றால் நாங்களே போன் செய்வோம். ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுதியிருந்தாலும் இதே முறை: எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வாரம், கடிதம் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கும், வார்ஃபரின், லித்தியம் போன்றவற்றுக்கும் காலாகாலத்தில் ரத்தப் பரிசோதனை செய்தாகவேண்டும். அந்தப் பரிசோதனை இல்லாமலே மாதாமாதம் மருந்து வந்துகொண்டிருந்தால், வசதியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் சர்ஜரியின் நிர்வாகியான பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதுங்கள். வாயால் சொன்னாலும் செல்லும், எழுத்தில் இருந்தால் நல்லது. நடந்த நாள், யார் என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன பாதிப்பு, என்ன மாறவேண்டும் என்று நான்கே பத்தி போதும். நடந்ததிலிருந்து, அல்லது தெரியவந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் புகார் தரவேண்டும். கிடைத்தது என்று மூன்று வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும். சர்ஜரியிடம் நேரடியாகச் சொல்லத் தயக்கம் என்றால் உங்கள் பகுதியின் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியமான ஐசிபிக்கு எழுதலாம். பதில் திருப்தி தராவிட்டால் அடுத்த படி, தீராத புகார்களைத் தனியே விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவை ஆம்பட்ஸ்மன். புகார் கொடுத்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், விசாவுக்குப் பாதிப்பு வரும் என்ற பயம் நம்மிடையே நிறைய இருக்கிறது. புகார் கொடுத்ததற்காக உங்கள் சிகிச்சையைக் குறைக்கக்கூடாது. விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடுமையான பாதிப்பு என்றால் நடந்ததை மறைக்காமல் சொல்லி வருத்தம் தெரிவிப்பது சட்டப்படி சர்ஜரியின் கடமை. ஜிபிகளுக்கு இது 2015 ஏப்ரலிலிருந்து பொருந்தும்.

நாங்களும் எழுதினோம். கோபமாக எழுதியதைக் கிழித்துவிட்டு, மறுநாள் தேதிவாரியாக எழுதினோம். மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, மருந்தை மாற்றவேண்டிய ரிசல்ட்டுக்கு இனி மெசேஜ் மட்டும் அனுப்பாமல் போனிலும் பேசுவோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த முறை மனைவி ரிசப்ஷனில் போய் நின்றபோது, அந்தப் பெண் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு, தலை நிமிர்ந்து, "உங்கள் போன் நம்பரை ஒருமுறை சொல்லுங்கள்" என்றார்.